பையனை விடுங்கள், அவன் காலடியில் இருந்த பெடலைப் பாருங்கள்

சனிக்கிழமை கோலாலம்பூர் செந்தூல் மண்டபத்தில் பேஸ் கிட்டார் (பாட்டுக்கு அடி ஒலி தரும் கிட்டார்) வாசித்த தம்பியின் வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பாட்டின் கோரஸ் வரும்போது தம்பி ஒரு பெடலை, அதாவது ஒலியை மாற்றும் காலடிப் பெட்டியை, மிதிக்கிறான், அதோடு பேஸ் காணாமல் போகிறது. கீழே வந்த கமெண்டுகளையும் படித்தேன். "வாசிக்கத் தெரியாதவனை ஏன் மேடை ஏத்துறீங்க" என்று எழுதியவர்களில் பல வருஷமாக மேடையில் நிற்கும் அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

அண்ணன்மார்களே, சத்தத்தை அணைத்துவிட்டு அவன் கையை மட்டும் பாருங்கள். விரல் ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. காலால் அடிக்கும் கிக் டிரம்மோடு ஒட்டித்தான் போகிறான். காணாமல் போனது அவன் வாசிப்பு இல்லை, அடி ஒலி. அதைத் தின்றது அந்தப் பச்சைப் பெடல். கிட்டாருக்குச் செய்த ஓவர்டிரைவ் அது, ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல். "பேஸுக்கும் நல்லா இருக்கும், வாங்கு" என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியிருக்கிறான்.

ஏன் தின்றது? பேஸின் ஈ கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 41 அதிர்வு). ஐந்து கம்பி பேஸ் என்றால் பி கம்பி 31. அந்தப் பச்சைப் பெடலில் இருக்கும் டியூப் ஸ்கிரீமர் வகை சர்க்யூட், 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகப் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. கிட்டாரின் கீழ்ப்பகுதி குழையாமல் நடுப்பகுதி முன்னால் வந்து நிற்க வேண்டும், அடியில் பேஸுக்கு இடம் இருக்க வேண்டும். பேஸுக்கு இடம் விடுகிற பெடலைக் கொண்டுபோய் பேஸுக்கே மாட்டினால் என்ன ஆகும்? வீட்டில் தனியாக வாசிக்கும்போது தெரியாது. நடுப்பகுதி தூக்கலாகக் கேட்பதால் சத்தம் கூடிவிட்டதாகக் காது நம்பும், லெவல் குமிழைக் குறைத்தும் வைத்துவிடுவோம். மேடையில் டிரம்ஸ், இரண்டு கீபோர்டு, தபேலா எல்லாம் சேர்ந்த பிறகு மிஞ்சுவது வெறும் கரகரப்பு.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பேஸுக்கு எந்தப் பெடல் வாங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அடி ஒலி குறையாமல் வெளியே வருகிறதா? டிரைவ் (ஓவர்டிரைவ்) வாங்குவதாக இருந்தால் பிளெண்ட் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். கரகரப்பை ஒரு பக்கமும் சுத்தமான பேஸை இன்னொரு பக்கமும் வைத்துக் கலக்கும் குமிழ் அது. பாஸ் (Boss) கம்பெனியின் ஓடிபி-3இல் அதற்கு பேலன்ஸ் என்று பெயர். டார்க்கிளாஸ் பி3கே, சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் இரண்டிலும் பிளெண்ட் உண்டு. முதலில் பாதிக்குக் கீழே வையுங்கள், பேண்டோடு சேர்ந்து வாசிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பழைய சான்ஸ்ஆம்பில் மிட் குமிழ் கிடையாது, பிளெண்டை முழுசாக ஏற்றினால் நடுப்பகுதியில் குழி விழும். அந்தக் குழியில்தான் மேடையில் பேஸ் தொலையும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பேஸை எடுத்துப் போங்கள். கிட்டார் ஆம்பிலோ ஹெட்போனிலோ கேட்டு முடிவு செய்யாதீர்கள். பேஸ் ஆம்பில் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, ஈ கம்பியைத் திறந்து அடித்து, பெடலை மிதித்து மிதித்து எடுங்கள். மிதித்ததும் வயிற்றில் பட்ட அதிர்வு போய்விட்டால் அந்தப் பெடலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எத்தனை வெள்ளி தள்ளுபடி கொடுத்தாலும் சரி.

"நீ எஃபெக்டுக்கே எதிரியா" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. வாசிக்கும் சுரத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இன்னொன்றைச் சேர்க்கும் ஆக்டேவ் பெடல் எனக்கு உயிர். ஆனால் ஈ கம்பியைத் திறந்து அடித்து ஒரு ஆக்டேவ் கீழே இறக்கினால் 20 ஹெர்ட்ஸ் சொச்சம் வரும். எந்த மண்டபத்து ஸ்பீக்கரும் அதைத் தராது, ஸ்பீக்கரின் கூம்பு (கோன்) மட்டும் முன்னும் பின்னும் தள்ளாடும். ஏ கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து மேலே வாசியுங்கள், அங்கே அது பாடும். அந்தப் பெடலை டிரைவுக்கு முன்னால் போடுங்கள். சுருதியைச் சுத்தமாகப் பிடித்தால்தான் ஆக்டேவ் ஒழுங்காகத் தொடரும். "வா வா" என்று ஒலியைத் திறந்து மூடும் ஆட்டோ வாவும் முன்னால்தான், உரத்த அடியை அடக்கிச் சத்தத்தைச் சமமாக்கும் கம்ப்ரஸருக்கும் முன்னால். அது விரலின் அழுத்தத்தைப் பார்த்துத் திறக்கிறது, கம்ப்ரஸர் அந்த அழுத்த வித்தியாசத்தை முதலிலேயே தட்டையாக்கிவிட்டால் அது எதைப் பார்த்துத் திறக்கும்?

கம்ப்ரஸரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெடல்களில், சுருதி பார்க்கும் டியூனருக்கு அடுத்து வாங்க வேண்டியது அதுதான். ரேஷியோ (எவ்வளவு அடக்குகிறது) 4:1, அட்டாக் (எவ்வளவு நேரத்தில் அடக்குகிறது) 30 முதல் 50 மில்லி செகண்ட். அட்டாக்கை வேகமாக வைத்தால் விரல் படும் அந்த முதல் தட்டல் நசுங்கிப் பேஸ் பின்னால் போய்விடும். உரக்க அடிக்கும்போது 3 முதல் 6 டெசிபல் குறைந்தால் போதும். எம்எக்ஸ்ஆர் எம்87 போல எவ்வளவு குறைகிறது என்று விளக்கு வரிசையில் காட்டும் பெடலாக இருந்தால் கண்ணால் பார்த்தே வைத்துவிடலாம்.

"மல்டி எஃபெக்ட் ஒன்று வாங்கினால் முடிந்ததே" என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆரம்பிப்பவனுக்கு, பல பெடலின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் ஒரு ஸூம் பி1 ஃபோர் போதும், மறுக்க மாட்டேன். தனித்தனியாக வாங்கினால் ஆறு பெடல், அவற்றை இணைக்க ஐந்து பேட்ச் கேபிள், உள்ளே ஒன்று வெளியே ஒன்று பெரிய கேபிள்: மொத்தம் 14 பிளக் முனை. அதில் ஒன்று தளர்ந்தாலும் சத்தம் போய்விடும். மல்டியில் அந்தத் தொல்லை இல்லை.

பவர் விஷயத்தில் மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெரும்பாலான பெடல் 9 வோல்ட், அடாப்டர் பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், மில்லி ஆம்பியர் பெடல் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. 9 வோல்ட் மட்டுமே தாங்கும் பெடலில் 18 வோல்ட் அடாப்டரைச் செருகினால் புகைந்துவிடும். ஒரே அடாப்டரிலிருந்து வரிசையாக இழுக்கும் கேபிளில் டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் சேர்த்து மாட்டினால் "ஈஈ" என்று கீச்சுச் சத்தம் வரும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்குங்கள்.

பட்டர்வொர்த்தில் ஒரு கோயில் நிகழ்ச்சியில் பேஸ் ஆம்பில் ஹம் என்கிற உறுமல் இரைச்சல் வந்தது. யாரோ பிளக்கைத் திறந்து எர்த் வயரைக் கழற்றிவிட்டார்கள். ஹம் நின்றது, எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கை நடுங்கியது. ஆம்புக்குள் ஏதாவது பழுதானால் 230 வோல்ட்டும் கம்பி வழியாக வாசிக்கும் பையனின் கைக்கு வரும், வாய் மைக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பேஸை மிக்ஸருக்கு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. ஒரு பேஸிஸ்ட் சொந்தமாக வாங்க வேண்டிய முதல் பெட்டி இந்த டி.ஐ.தான். மூன்றாவது டிரைவ் பெடல் அப்புறம்.

"பெரிய பேஸிஸ்டுகள் எல்லாம் பெடல்போர்டு வைத்திருக்கிறார்களே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அமெரிக்க பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சன், மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியில் ஒரு பிரசிஷன் பேஸ், பழைய ஃபிளாட்வுண்ட் (வழவழப்பாகச் சுற்றிய) கம்பி, நேராக மிக்ஸிங் கன்சோல் என்றுதான் வாசித்தார். உலகமே இன்னும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவு தூரம் எதற்கு? இளையராஜாவின் எண்பதுகள் பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். அவருக்கு வாசித்த சசிதரனின் பேஸை நம் ஊர் டின்னர் கூட்டம் வாயாலேயே முணுமுணுக்கும். அந்த மெட்டைச் சுமந்து நிற்கிறவனைத்தான், கிட்டாரில் தேறாதவன் நான்கு கம்பிக்கு வந்துவிட்டான் என்று பேசுகிறோம். போஸ்டரில் பாடகர் படம், கீபோர்டிஸ்ட் படம், டிரம்மர் படம் எல்லாம் இருக்கும். பேஸிஸ்ட் பெயர் இருக்காது. சம்பளமும் கடைசியில், மேடையில் இடமும் ஓரத்தில். ஒரு இரவு சத்தம் போனால் மட்டும் ஊருக்கே அவன் முகம் தெரிய வேண்டுமா?

நிகழ்ச்சி நடத்துபவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சவுண்ட் செக்கில் பேஸைக் கடைசியில், கதவு திறந்து ஆட்கள் உட்கார்ந்த பிறகு கூப்பிடாதீர்கள். கிக் டிரம் முடிந்த கையோடு கூப்பிடுங்கள், ஐந்து நிமிஷம் கொடுங்கள். முதலில் பெடல் எதுவும் இல்லாமல் கீழிருந்து மேலே நான்கு கம்பியும், பிறகு ஒவ்வொரு பெடலாகப் போட்டு அதே வரி. சவுண்ட்காரர் 30 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதற்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் போட்டு, 250 ஹெர்ட்ஸைச் சுற்றிக் கொஞ்சம் குறைத்து, மீட்டரைப் பார்க்கட்டும். பெடல் போட்டதும் அளவு ஏறினாலோ இறங்கினாலோ அப்போதே அவனிடம் சொல்லிச் சரிசெய்ய வையுங்கள். பாட்டு நடுவில் சொல்லாமல் அவன் சத்தத்தின் ஃபேடரை (மிக்ஸரில் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) இறக்காதீர்கள்.