பிட் ஸ்டாப்புக்கு ஒரு குறைந்தபட்ச நேரம் வையுங்கப்பா

வியாசர்பாடியில் ஒரு ஷெட்டுக்குள் நாலு பேர் சேர்ந்து பழைய ஆர்எக்ஸ் 100 பைக் ஒன்றை, மணிக்கணக்கில் ஓடும் எண்டூரன்ஸ் ரேஸுக்குத் தயார் பண்ணினோம். கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, சோறு பிசையும்போதுகூட விரலில் பெட்ரோல் வாசனை.

ரேஸுக்குப் போனால், நடத்துகிறவர்கள் இன்ஜின் கொள்ளளவான சிசியை மட்டும் பார்த்துப் பிரிவு பிரிக்கிறார்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் வெடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான், அப்புறம் அதே 100 சிசியில் இரண்டும் எப்படிச் சமம்? எங்கள் ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக், அதனால் இதில் லாபம் எங்களுக்குத்தான், ஆனாலும் தப்பு தப்புதான்.

அதைவிட எரிச்சல் பிட் ஸ்டாப்பில், அதாவது ரேஸ் நடுவில் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் போடுவது. காசுள்ள டீம் வேகமாக பெட்ரோல் நிரப்பும் குயிக் ஃபில்லரை வைத்துச் சில நொடியில் நிரப்பிக்கொண்டு பறக்கிறது, நாங்கள் கேனையும் புனலையும் வைத்துக்கொண்டு, கொதிக்கிற சைலன்சர்மேல் சொட்டாமல் ஊற்ற வேண்டும், கை நடுங்குகிறது. ஜப்பானில் 1978-இல் தொடங்கிய சுசூகா 8 மணி நேர ரேஸில் பைக் கம்பெனிகளின் ஃபேக்டரி டீம்கள் அப்படி நிரப்பட்டும், பார்க்க அழகுதான். நாங்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓட்டுகிறவர்கள். பிட் ஸ்டாப் எல்லாருக்கும் குறைந்தது 3 நிமிடம் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், ஓட்டுகிற சந்தோஷம் துளியும் குறையாது. அதைக் கேட்டால் 40 பக்க விதிப் புத்தகத்தை நீட்டுகிறார்கள், அதில் ஸ்டிக்கர் ஒட்டும் இடத்துக்கே இரண்டு பக்கம்.