டம்ளருக்கு இரண்டு ஸ்பூன்

இரவில் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் எடை குறையும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நானும் ஆறு மாதம் மாறிப் பார்த்தேன், தராசு முள் அசையவே இல்லை. அப்புறம்தான் டீக் கணக்குப் போட்டேன். ஆபீசில் தினமும் 5 டீ, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஆக மொத்தம் சுமார் 40 கிராம், 160 கலோரி. நாள் முழுக்கவே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது! தொட்டுக்கொள்ள பட்டர் பிஸ்கட் வேறு (வீட்டுக்குத் தெரியாது). நாட்டுச் சர்க்கரை போட்டால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு: அதிலும் கலோரி கிட்டத்தட்ட அதேதான். இப்போது இரண்டே டீ, அரை ஸ்பூன். முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்தது. பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கிறேன்.