அன்லிமிடெட் பிளானுக்கும் வரம்பு உண்டு

வெப் ஹோஸ்டிங் பற்றி, “அன்லிமிடெட் ஷேர்டு பிளான் (பல சைட்டுகள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் திட்டம்) ஒன்று எடுத்தால் போதும், ஆன்லைன் கடைக்கு எத்தனை பேர் வந்தாலும் தாங்கும்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்த அன்லிமிடெட் பொதுவாக டிஸ்க் இடத்துக்கும் பேண்ட்வித்துக்கும் (சைட்டிலிருந்து போய்வரும் டேட்டாவின் அளவு) மட்டும்தான். சைட்டை முடக்குவது வேறு வரம்புகள்.

முதலாவது ஐநோட், அதாவது கோப்புகளின் எண்ணிக்கை. ஃபோல்டர் ஒவ்வொன்றும் கணக்கில் சேரும், இன்பாக்ஸில் கிடக்கும் ஒவ்வொரு மெயிலும் சேரும். வேர்ட்பிரஸ்ஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளக்இன்னில் ஒரு பொருளின் படத்தை ஏற்றினால் பல அளவுகளில் நகல்கள் உருவாகும். 2,000 படம் 15,000 கோப்பைத் தாண்டுவது சாதாரணம். வரம்பு தீர்ந்தால், எத்தனை ஜிபி மிச்சம் இருந்தாலும் புது மெயில் வராது, வேர்ட்பிரஸ் அப்டேட் பாதியில் நிற்கும்.

இதைவிட முக்கியம் என்ட்ரி பிராசஸ். ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி கோரிக்கைகள் (பக்கத்தை உருவாக்க சர்வரில் புரோகிராம் ஓட வேண்டிய கோரிக்கைகள்) ஓடலாம் என்பது. வரம்பு 20, ஒவ்வொன்றும் முடிய 2 விநாடி என்றால், விநாடிக்கு 10 கோரிக்கைதான் தாங்கும். சர்வர் கேஷில், அதாவது முன்பே தயாராகச் சேமித்து வைத்த நகலாக, இருக்கும் பக்கங்கள் இதில் தப்பிவிடும். கார்ட், செக்அவுட் பக்கங்கள் ஆளுக்கு ஆள் மாறுவதால் அவற்றை கேஷ் செய்ய முடியாது. அதனால்தான் தீபாவளி ஆஃபர் அன்று, சரியாகப் பணம் கட்டும் இடத்தில், 508 பிழை (வரம்பு தீர்ந்தது என்ற செய்தி) வருகிறது.

வாங்குமுன் ஐநோட், என்ட்ரி பிராசஸ் ஆகிய இந்த இரண்டு வரம்புகளையும், பேக்அப் வேறு சர்வரில் இருக்கிறதா என்பதையும், ரினியூவல் விலையையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் சிபேனலில் (ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் பக்கம்) ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ பக்கத்தில் ஃபால்ட் எண்ணிக்கையை, அதாவது எத்தனை முறை வரம்பைத் தொட்டது என்பதை, பாருங்கள். கேஷ் போட்டும், தேவையில்லாத பிளக்இன்களை நீக்கியும் அது ஏறிக்கொண்டே போனால் விபிஎஸ்ஸுக்கு (சர்வரில் உங்களுக்கென ஒதுக்கப்பட்ட தனிப் பகுதி) மாறிவிடுங்கள்.