சுண்ணாம்பு மட்டும் வேண்டாமே

கோழி எரு மட்கும்போது நாற்றம் போகச் சுண்ணாம்பு தூவச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அங்கேதான் எனக்கு இடிக்கிறது. சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டும். எருவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். குவியலைக் கிளறும்போது கண் எரிகிறதே, அது காற்றில் போகும் உரம்தான்! கோழி எச்சத்தில் கரிமம் (கார்பன்), தழைச்சத்து விகிதம் 10:1 அளவில்தான் இருக்கும். அதை 25:1 பக்கம் கொண்டுவர மரத்தூளோ நறுக்கிய வைக்கோலோ தாராளமாகக் கலக்க வேண்டும். (ரசாயனம் ஏற்றிய பலகையின் தூள் கூடாது.) நான் 100 கிலோவுக்கு 5 கிலோ கரித்தூளும் போடுவேன், அம்மோனியாவைப் பிடித்துவைக்கும். ஜிப்சம், சூப்பர் பாஸ்பேட்டும் இழப்பைக் குறைக்கும். அப்புறம் ஈரம்: கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும், ஒழுகக் கூடாது.