இனவெறியும் அந்நியப்படுத்தலும் ஒன்றல்ல

2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஒரு வெள்ளைக் காவலர் ஒன்பது நிமிடங்களுக்கும் மேலாகக் கழுத்தில் முழங்காலை அழுத்தி ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்றதை உலகமே பார்த்தது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, மே 18 அன்று, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவை அடுத்த சாவோ கொன்சாலோவில், உறவினர் வீட்டுக்குள் விளையாடிக்கொண்டிருந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் காவல்துறை நடவடிக்கையின்போது சுட்டுக் கொல்லப்பட்டான்; ஹெலிகாப்டரில் ஏற்றிச் செல்லப்பட்ட அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் அலைந்த குடும்பத்தினர் மறுநாள்தான் உடலைக் கண்டார்கள். ஜூன் 2 அன்று பாரிஸ் நீதிமன்றத்தின் முன் சுமார் 20,000 பேர் திரண்டதும் ஃபிளாய்டுக்காக மட்டுமல்ல. 2016-இல் தன் பிறந்தநாளன்று காவலர்களின் பிடியில் உயிரிழந்த அடாமா திராவோரே என்ற 24 வயது இளைஞருக்காக அவருடைய சகோதரி நான்காண்டுகளாக நடத்திவந்த போராட்டத்தின் தொடர்ச்சி அது.

அந்நாட்களில் நான் தமிழில் படித்த பதிவுகளில் பெரும்பாலானவை இவை அனைத்தையும் அமெரிக்க நிகழ்வின் எதிரொலியாகவே பார்த்தன. அமெரிக்கா இனவெறி ஊறிய நாடு, ஐரோப்பா எவ்வளவோ தேவலாம், பிரேசிலில் எல்லா நிறத்தவரும் கலந்து வாழ்கிறார்கள் என்ற சித்திரம் நம்மிடையே ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்தச் சித்திரம் தவறானது என்பதோடு, அந்தந்த நாட்டுக் கறுப்பினத்தவருக்குத் தீங்கும் செய்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு நாட்டில் கறுப்பினத்தவர் எதிர்கொள்ளும் வன்முறையும் பாகுபாடும் ஒரு கேள்வி. அந்த நாடு அவரைத் தன் ஆளாக ஏற்றுக்கொள்கிறதா என்பது வேறொரு கேள்வி. முன்னது குறைந்தால் பின்னது கூடும் என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். நாடு நாடாகப் பார்த்தால் அப்படி நடப்பதில்லை. ஒருவர் ஒரு நாட்டுக்கு முழு உரிமை உடையவராக இருந்துகொண்டே அங்கே உயிருக்கு அஞ்சி வாழ நேர்கிறது. இன்னொருவரைக் காவலரோ அண்டை வீட்டாரோ ஒருநாளும் துன்புறுத்தவில்லை என்றாலும், அவர் பிறந்து வளர்ந்த நாடு கடைசி வரை அவரை விருந்தாளியாகவே நடத்துகிறது.

அமெரிக்காவில் 1619 முதல் கறுப்பினத்தவரின் வரலாறு ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. கறுப்பினத்தவர் குடிமக்களாகவே இருக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1857-இல் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் வந்த 14-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், அந்த மண்ணில் பிறந்தவர் குடிமகனே என்று எழுதி அந்தத் தீர்ப்பை முறித்தது. விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதப்பட்ட அந்த வரியின் பலனைத்தான் இன்று கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பிறக்கும் தமிழ்க் குழந்தைகளும் அனுபவிக்கிறார்கள் என்பதை நம்மவர்கள் பலர் அறிவதில்லை. அமெரிக்காவின் இசையும் சமயப் பேச்சும் அரசியலும் கறுப்பினத்தவர் இல்லாமல் இல்லை. அட்லாண்டா நகரின் மேயர் பதவிக்கு 1973 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட அனைவரும் கறுப்பினத்தவரே.

லண்டனில் பிறந்த, ஜமைக்கா வம்சாவளியைச் சேர்ந்த என் பழைய சக ஊழியர் ஒருவர் சில காலம் அட்லாண்டாவில் வேலை பார்த்தார். வங்கி மேலாளர், மருத்துவர், நீதிபதி, பேராசிரியர் என்று எங்கு பார்த்தாலும் தன் நிறத்தவர் இருந்ததும், தன்னைப் பார்த்து யாரும் ஊர் விசாரிக்காததும், வாய் திறந்து பேசிய பிறகே அவருடைய ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு வியந்ததும் தமக்கு லண்டனில் கிடைக்காத நிம்மதியைத் தந்ததாக அவர் சொல்வார். அதே மூச்சில், பின்னால் காவல்துறை வண்டியின் விளக்கு சுழன்றால் காரை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கின் மேல் இரு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, கைப்பையைத் தொடாமல் அசையாது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அங்கே நண்பர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்ததையும் சொல்வார். அது மிகையான அச்சம் அன்று. 1999 பிப்ரவரியில் நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் நின்று பர்ஸை எடுத்த அமடு டியால்லோவை நோக்கி நான்கு காவலர்கள் 41 முறை சுட்டார்கள். 19 குண்டுகள் அவர் உடலில் பாய்ந்தன. அவர் கினி நாட்டிலிருந்து வந்தவர். அமெரிக்க அடிமை முறையோடு அவருடைய குடும்பத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லை. சுட்டவர்களுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை, மறு ஆண்டு நீதிமன்றமும் அவர்களை விடுவித்தது. இன்று அமெரிக்கக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். நைஜீரியாவிலும் எத்தியோப்பியாவிலும் தம்மை ஒருநாளும் நிறத்தால் எண்ணிப் பார்க்காதவர்கள், அமெரிக்காவில் இறங்கிய பிறகு கறுப்பராகிறார்கள்.

பிரான்ஸின் கதை இதற்கு நேர் எதிரானது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கறுப்பின நடனக் கலைஞர் ஜோசஃபின் பேக்கர் 1925-இலும், கறுப்பின எழுத்தாளர்களான ரிச்சர்ட் ரைட் 1946-இலும், ஜேம்ஸ் பால்ட்வின் 1948-இலும் அமெரிக்காவின் நிறவெறியிலிருந்து தப்பிப் பாரிஸுக்குப் போனார்கள். எந்த உணவகத்திலும் உட்காரலாம், எந்த விடுதியிலும் அறை எடுக்கலாம் என்பதே அவர்களுக்குப் பெரும் விடுதலையாக இருந்தது. பேக்கரின் நினைவாக 2021-இல் நாட்டின் மாமனிதர்களுக்கான நினைவகமான பான்தியனில் இடம் அளித்துப் பிரான்ஸ் பெருமை கொண்டது. அந்தப் பெருமை பொய்யானதல்ல. ஆனால் அதே பாரிஸில் அல்ஜீரியத் தொழிலாளர்களைக் காவலர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதைப் பால்ட்வின் தம் கண்ணால் பார்த்து எழுதினார். அங்கே தமக்குக் கிடைத்த மரியாதை அமெரிக்கர் என்பதற்காகக் கிடைத்தது என்பதும், பிரான்ஸ் ஆண்ட நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அது கிடைக்காது என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது. 1961 அக்டோபர் 17 அன்று அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் பாரிஸ் காவல்துறை அடித்துக் கொன்று சேன் நதியில் வீசியது. ஒரே நகரம், ஒரே காவல்துறை. நிறத்தை விட எங்கிருந்து வந்தவர் என்பது அங்கே அதிகம் பேசியது.

இன்றைய பிரான்ஸ் தன் குடிமக்களின் இனத்தைக் கேட்பதே இல்லை. 1958-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தின் முதல் விதி, பிறப்பிடம், இனம், மதம் என்ற வேறுபாடின்றி அனைவரும் சமம் என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் பற்றிய கேள்வி கிடையாது. 2018-இல் பிரான்ஸ் உலகக் கால்பந்துக் கோப்பையை வென்றபோது, தென்னாப்பிரிக்காவில் பிறந்த நகைச்சுவையாளர் டிரெவர் நோவா ஆப்பிரிக்கா வென்றுவிட்டது என்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் சொன்னார். அமெரிக்காவுக்கான பிரெஞ்சுத் தூதர் அவருக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, இந்த வீரர்கள் பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமே, எங்கள் நாட்டில் இரட்டை அடையாளம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்ற பொருளில் மறுத்தார். ஒருவர் ஏன் ஒரே நேரத்தில் பிரெஞ்சுக்காரராகவும் ஆப்பிரிக்கராகவும் இருக்கக் கூடாது என்று நோவா திருப்பிக் கேட்டார். அந்தக் கடிதத்தை நான் வெறும் பாசாங்கு என்று ஒதுக்கமாட்டேன். கறுப்பின வீரர்களின் பிரெஞ்சுத்தன்மையைத் தீவிர வலதுசாரிகள் ஓயாமல் கேள்வி கேட்கும் நாட்டில், அவர்கள் முழுமையான பிரெஞ்சுக்காரர்கள் என்று அரசின் தூதரே சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அந்நாட்டின் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, கறுப்பினத்தவராகவோ அரபியராகவோ தோன்றும் இளைஞர்களைக் காவலர்கள் அடையாளச் சோதனைக்கு நிறுத்தும் வாய்ப்பு மற்றவர்களைவிட இருபது மடங்கு அதிகம் என்று கண்டது. இனத்தைப் பார்ப்பதில்லை என்று சட்டம் சொல்லும் நாட்டில் தெருமுனைக் காவலர் மட்டும் அதை நன்றாகப் பார்க்கிறார். புள்ளிவிவரமே இல்லாத நிலையில், அடிபடுபவர் தன் குறையை ஒவ்வொரு முறையும் தனி ஒருவராகவே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்த விஷயத்தில் பிரான்ஸ் தவறான பாதையில் இருக்கிறது என்பதே என் உறுதியான முடிவு.

பிரேசிலுக்கு வருவோம். அடிமை முறையை 1888 மே 13 அன்று, அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக ஒழித்த நாடு அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு நேரடியாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்டோர் அங்கே இறக்கப்பட்டார்கள். ஒரு துளிக் கறுப்பு இரத்தம் இருந்தாலும் கறுப்பரே என்று வர்ஜீனியா 1924-இல் சட்டம் எழுதியதுபோல் பிரேசில் எழுதவில்லை. கலப்பு மணத்தைத் தடுக்கவுமில்லை. பூர்வீகத்தைப் பார்ப்பது அமெரிக்கப் பாகுபாடு, தோற்றத்தைப் பார்ப்பது பிரேசிலியப் பாகுபாடு என்று ஒராசி நொகெய்ரா என்ற பிரேசில் சமூகவியலாளர் 1950-களிலேயே பிரித்துக் காட்டினார். 2007-இல் பிரேசிலியா பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவருக்கான இடஒதுக்கீட்டில் விண்ணப்பித்த அச்சு அசலாக ஒரே தோற்றமுடைய இரட்டையரில், புகைப்படங்களைப் பார்த்த குழு ஒருவரைக் கறுப்பர் என்றும் மற்றவரைக் கறுப்பர் அல்ல என்றும் முடிவு செய்தது. ஒரே கருவில் உருவானவர்கள்! பின்னர் பல்கலைக்கழகம் அதைத் திருத்திக்கொண்டது. ஒதுக்கீட்டை எதிர்த்தவர்கள் இதைக் காட்டி, யார் கறுப்பர் என்றே சொல்ல முடியாத நாட்டில் ஒதுக்கீடு எதற்கு என்று கேட்டார்கள். விண்ணப்பப் படிவத்தின் முன் வரும் இந்தக் குழப்பம் துப்பாக்கியின் முன் வருவதே இல்லை. பிரேசில் காவல்துறை அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருக்கிறது. அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும். பிரேசிலைவிட மக்கள்தொகை மிக அதிகமான அமெரிக்காவில் காவல்துறையால் கொல்லப்படுவோர், எல்லா இனத்தவரையும் சேர்த்தும், ஆண்டுக்கு ஆயிரத்தைச் சற்றே தாண்டுகிறார்கள். கலந்து வாழ்கிறோம் என்ற பெருமிதமே அங்கே புகாரைப் பேசவிடாமல் செய்துவந்தது. அதை உடைத்துக் கேள்வி கேட்ட ரியோ நகர மன்ற உறுப்பினர் மரியெல் ஃபிராங்கோ 2018 மார்ச் 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

வெள்ளையரின் வெறுப்பு என்ற ஒரே கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஹைட்டியின் அண்டை நாடான டொமினிக்கன் குடியரசு நமக்குப் புரியவே புரியாது. அங்கே பெரும்பான்மையினருக்கு ஆப்பிரிக்க வம்சாவளி உண்டு. ஆயினும் 2013 செப்டம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், உரிய ஆவணம் இல்லாத பெற்றோருக்கு 1929 முதல் பிறந்தவர்களின் குடியுரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டவர்களில் ஆகப் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்ட ஹைட்டித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். வழக்குத் தொடுத்த ஜூலியானா டெகிஸ் அங்கேயே பிறந்தவர். 2008-இல் பிறப்புச் சான்றிதழோடு அடையாள அட்டை வாங்கப் போனவரிடம், பெயர் ஹைட்டிப் பெயராக இருக்கிறது என்று சொல்லிச் சான்றிதழையும் பிடுங்கிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 2008 மே மாதம் மொசாம்பிக், ஜிம்பாப்வே நாட்டவரைத் துரத்திய கும்பல்களால் 62 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கர்களே.

இந்தியாவும் விலக்கில்லை. 2016 ஜனவரியில் பெங்களூரில் சூடான் நாட்டவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்த பிறகு, அந்த வழியே வந்த, விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தான்சானிய மாணவியைக் கும்பல் இழுத்து அடித்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இன மக்கள் பல தலைமுறைகளாகக் கன்னடமும் கொங்கணியும் பேசி வாழ்ந்தும், ஊரை விட்டு வெளியே வந்தால் எந்த நாட்டுக்காரர் என்ற விசாரணைக்கு ஆளாகிறார்கள்.

நான் வாழும் பிரிட்டனுக்குக் கடைசியாக வருகிறேன். 2022 நவம்பரில் பக்கிங்ஹாம் அரண்மனை வரவேற்பில், லண்டனில் பிறந்த இங்கோசி ஃபுலானி என்ற தொண்டு நிறுவனத் தலைவரிடம், அரண்மனையின் மூத்த உதவியாளரான சீமாட்டி ஒருவர், நீங்கள் உண்மையில் எந்த நாட்டவர் என்று விடாமல் கேட்டார். அந்தச் சீமாட்டி பின்னர் பதவி விலகி மன்னிப்பும் கேட்டார். அதைச் சிறிய விஷயம் என்றவர்களுக்கு, அதே கேள்வியை அரசு கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்ட்ரஷ் தலைமுறையே பதில். 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி, பிரிட்டிஷ் குடிமக்களாகவே வந்தவர்களிடம், 2012-க்குப் பின் உள்துறை அமைச்சகம் வசித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு வரை ஆவணங்கள் கேட்டது. அவர்கள் வந்திறங்கியதற்குச் சான்றான பழைய வருகை அட்டைகளையோ அந்த அமைச்சகமே 2010-இல் அழித்துவிட்டிருந்தது. 1968-இல் சிறுமியாக ஜமைக்காவிலிருந்து வந்த பவுலெட் வில்சன் நாடாளுமன்ற உணவகத்திலேயே சமையல் வேலை பார்த்தவர். 34 ஆண்டுகள் தேசியக் காப்பீட்டுத் தொகை கட்டிய அந்தப் பாட்டியை 2017-இல் தடுப்பு மையத்தில் அடைத்து, நாடு கடத்துவதற்காக ஹீத்ரோ வரை கொண்டுபோய், கடைசி நேரத் தலையீட்டால் விட்டார்கள். அவரை எந்தக் காவலரும் அடிக்கவில்லை. யாரும் வசைச் சொல் வீசவில்லை. எல்லாம் கடிதத்தின் வழியாக, முறைப்படி நடந்தது.

இந்த அநீதியை ஆராய்ந்த வெண்டி வில்லியம்ஸ் 2020-இல் அளித்த 30 பரிந்துரைகளையும் அரசு ஏற்பதாகச் சொன்னது. அவற்றில் மூன்றை 2023 ஜனவரியில் கைவிட்டவர் அப்போதைய உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன். மொரீஷியஸ் தமிழ்த் தாய்க்கும் கென்யாவிலிருந்து வந்த கோவாத் தந்தைக்கும் லண்டனில் பிறந்தவர். அவர் பதவியேற்றபோது நம் வம்சாவளி என்று பெருமைப்பட்டுப் பகிர்ந்த தமிழர்களில் எத்தனை பேர் இந்த முடிவைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள் என்பதை நான் வருத்தத்தோடு கேட்கிறேன். குடியேறிகளின் நலனுக்குத் தனி ஆணையர் வேண்டும், எல்லை மற்றும் குடிவரவுத் தலைமை ஆய்வாளருக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்பவை கைவிடப்பட்டவற்றில் இரண்டு. விண்ட்ரஷ் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில், அந்த இரண்டையும் கைவிட்டது சட்டவிரோதம் என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது.