சாயத்தண்ணியைப் பற்றிப் படிக்க சமூகவியல் எதற்கு?

எங்கள் பெரியப்பா பேத்தி பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு எம்.ஏ. சமூகவியல் சேரப் போகிறேன், அதில் சுற்றுச்சூழல் பிரச்சினைகளைத்தான் எடுத்துப் படிப்பேன் என்கிறாள். வீட்டில் மூன்று நாளாக இதே பேச்சுதான். "சுற்றுச்சூழல்னா லேப்ல தண்ணிய டெஸ்ட் பண்றதுதானே, அதுக்கு எதுக்கு அம்மிணி சமூகவியல்?" என்கிறார் அவள் தாய்மாமன். திருப்பூர் பக்கம் நொய்யல் ஆற்றங்கரையில் தோட்டம் வைத்திருக்கிற மனுசரே இப்படிக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குடிதண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. நம் பக்கத்துக் கிணறுகள் அதைத் தாண்டியதைக் கண்டுபிடிக்க வேதியியல் போதும், கண்டும் பிடித்தார்கள். அளந்து சொன்ன பிறகும் சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட சாயத்தண்ணி நிற்கவில்லையே, ஏன்? வெளிநாட்டுப் பனியன் ஆர்டரில் விலையைக் கறாராகப் பேசி முடித்துவிடுகிறார்கள். சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்துச் சாயக்கூலி கேட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். அப்போது அந்தச் செலவு ஆற்றில் இறங்கி, கீழே ஒரத்துப்பாளையம் பக்கம் தென்னையும் மாடும் வைத்திருப்பவர் தலையில் விடிகிறது. பாசனத்துக்கென்று அங்கே கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்ததே, அதை எந்த டெஸ்ட் ரிப்போர்ட்டில் எழுதுவது?

நொய்யல் பாசனத்தை நம்பியிருந்த ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் நீதிமன்றம் போனது. 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2009-இல் உச்ச நீதிமன்றம், அப்புறம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மொத்தத்தையும் மூடச் சொன்ன உத்தரவு. அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்பா சங்கத்து ஆள், மகன் பட்டறையில் சூப்பர்வைசர். தோட்டம் உப்பாகிப் போனதால்தான் மகன் பட்டறைக்கே போனான். தீர்ப்பு வந்த ராத்திரி அந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நட்டஈட்டை நிலக் கணக்கில் போட்டால் பட்டாக்காரருக்குக் கிடைக்கும், சரி. அதே தோட்டத்தில் களை வெட்டிப் பிழைத்த குடும்பத்துக்கு எந்தக் கணக்கு? குத்தகைக்கு ஓட்டியவருக்கு? ஊருக்கு நல்ல தண்ணி லாரி வந்தபோது எந்தத் தெருவில் முதலில் நின்றது, எந்தத் தெருக்காரர்கள் குடத்தோடு கடைசிவரை காத்திருந்தார்கள்? இதையெல்லாம் கேட்டு, எழுதி, எண்ணிப் பார்க்க ஒரு படிப்பு வேண்டாமா?

உச்ச நீதிமன்றம் சொன்னதால் பட்டப்படிப்பில் எல்லாருக்கும் சுற்றுச்சூழல் தாள் ஒன்று கட்டாயமாக இருக்கிறது. நானும் எழுதிப் பாஸ் ஆனேன். ஓசோன் படலம், உணவுச் சங்கிலி எல்லாம் இருந்தது, எங்கள் வகுப்பில் ஒருநாள்கூட நொய்யல் பேர் வரவில்லை. கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு வருவோம்.

இப்போது கழிவுத்தண்ணியை வெளியே விடவே கூடாது என்கிற பூஜ்ஜியக் கழிவு முறை வந்துவிட்டது, ஆர்.ஓ. வைத்துத் தண்ணீரை மீட்கிறார்கள், பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பை மூட்டை மூட்டையாகக் கட்டி எங்கே வைப்பது, யார் ஊர் பக்கத்தில் வைப்பது என்பது மறுபடி மனுசர்கள் சம்பந்தப்பட்ட கேள்விதானே.

வேலை கிடைக்குமா என்று அவள் அம்மா பயப்படுவது நியாயம். இஞ்சினியரிங் மாதிரி நேர்வழி இதில் இல்லை, அதை மறைக்க மாட்டேன். அவளிடமும் சொல்லியிருக்கிறேன்: புள்ளிவிவரம் ஒழுங்காகப் படி, வேதியியலை மறந்துவிடாதே, லைப்ரரியிலேயே உட்கார்ந்துவிடாமல் ஊருக்குள் இறங்கு.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அவள் மாமா தோட்டத்துக்குத்தான் போகிறேன். போர்வெல் தண்ணியில் எந்த வருசம் உப்பு ஏறியது, எந்த வருசம் பருத்தியை விட்டார், மாடுகளை ஏன் விற்றார் என்று அவர் வாயாலேயே கேட்டு முதல் நோட்டில் எழுதட்டும்.