பாம்பனில் ஒரு லேக்கர்ஸ் பஞ்சாயத்து

காலை ஒன்பது மணிக்கு நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடிகிறதா? மச்சானும் அவன் கூட்டாளியும் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, செல்போனை மீன்கூடையில் சாய்த்துவைத்து, லேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்தபடி ஒரே சண்டை. 2025 பிப்ரவரியில் அந்த அணி ஆந்தனி டேவிஸ் என்ற வீரரைக் கொடுத்து லூகா டான்சிச் என்ற வீரரை வாங்கியதே, அது சரியா தப்பா என்று பாம்பன் ஜெட்டியில் இன்னும் தீர்ப்பு வரவில்லை! 1984-இல் பிறந்த கூடைப்பந்து வீரர் லெப்ரான் எப்போது ஓய்வு பெற வேண்டும் என்பதையும் இவர்கள்தான் சொல்ல வேண்டுமாம். மூன்று புள்ளி வீச்சில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தசமத்தோடு ஒப்பிக்கிற மச்சான், போன வாரம் டீசலுக்கு என்னிடம் வாங்கிய கடன் எவ்வளவுடா என்றால் மட்டும் மண்டையைச் சொறிகிறான். சீசனுக்கு 82 ஆட்டம். எண்பத்திரண்டு! யாரிடம் போய் அழ? இத்தனைக்கும் இவன் பந்தைத் தொட்டதே இல்லை, தெரிந்த ஒரே கூடை அந்த மீன்கூடைதான்.